‘யெஸ்’ சொல்லிக் கெட்ட கதை



சென்ற முறை வாடகை வீட்டுச் சுவரில் ஈரம் பிடிப்பதைப் பற்றி எழுதியிருந்தோம். கோயில் தேரன்று ஒரு சகோதரி எங்களைப் பிடித்து, “சுவரை விடுங்கோ தம்பி, இந்த இங்கிலிசைப் பற்றி எழுதுங்கோ, புதுசா வந்த சனத்துக்கு உதவும்” என்றார். இங்கிலிஸ் பற்றி எழுத எங்களுக்கு என்ன தகுதி? எங்கள் படிப்பு ஓ.எல். உடன் நின்றது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டியபோது புத்தகத்தையும் பூட்டி வைத்தவர்கள் நாங்கள். இப்போது லண்டனில் பார்க் ரோயல் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. குளிரறைக்குள் நின்று இரண்டு துண்டுப் பாணுக்கு நடுவில் கோழி இறைச்சியும் சலாட்டும் வைக்கிறோம். ஆகவே இதை ஒரு ரீச்சர் எழுதியதாக எண்ணாமல், விழுந்து எழும்பியவர்கள் எழுதியதாக வாசியுங்கள்.

ஊரில் எங்களுக்குப் படிப்பித்தது ‘ஹவ் ஆர் யூ?’, ‘ஐ ஆம் ஃபைன், தாங்யூ’. இங்கே வந்து இத்தனை வருடத்தில் அதை அப்படியே கேட்டவர்கள் குறைவு. வேலைக்குப் போன முதல் வாரம் வாசலில் நின்ற காவலாளி எங்களைப் பார்த்து ‘யூ ஓல்றைற்?’ என்றார். நெஞ்சு திக்கென்றது. முகத்தில் ஏதும் வருத்தம் தெரிகிறதோ? உண்மையிலேயே அன்றைக்கு முதுகு நோ. கேட்கிற மனிசனுக்குச் சொல்லாமல் விடக்கூடாது என்று, தெரிந்த இங்கிலிசையெல்லாம் திரட்டி முதுகைப் பற்றிச் சொல்லத் தொடங்கினோம். அதற்குள் அவர் பின்னால் வந்தவரிடம் ‘யூ ஓல்றைற்?’ என்று கேட்டுவிட்டார். அந்த ஆளும் திரும்பி ‘ஓல்றைற்?’ என்று கேட்டபடி நிற்காமல் நடந்தார். இருவரும் கேட்டார்கள், ஒருவரும் பதில் சொல்லவில்லை!

பிறகுதான் விளங்கியது. ஊரில் படலையடியில் நின்று, போகிறவரைப் பார்த்து “என்ன, சந்தைக்கோ?” என்று கேட்பதில்லையா? அவர் சந்தைக்குப் போகிறாரா, சாவீட்டுக்குப் போகிறாரா என்று அறிவதற்கா கேட்கிறோம்? கண்டேன் என்பதற்கு அது ஒரு அடையாளம். இதுவும் அதுதான். முதுகு நோவை வீட்டில் சொல்லிக்கொள்ளுங்கள்.

நேரம் சொல்வதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஜேர்மனியில் பதினொரு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்த அண்ணர் ஒருவர் எங்கள் ஷிஃப்றில் இருக்கிறார். ‘ஹாஃப் செவன்’ க்கு வா என்றால் ஆறரைக்கு வந்து கதவடியில் நிற்பார். ஜேர்மன் மொழியில் ஏழின் அரை என்றால் ஆறரை. இங்கிலிஸ்காரர் வாயில் அது ஏழரை. நோர்வேயிலிருந்து வருகிற ஆட்களுக்கும் இதே கதைதான். ஏழரை என்றவுடன் சனியன் ஞாபகம் வருகிறதென்று அண்ணர் சொல்லிச் சிரிப்பார். ஆனால் குளிருக்குள் ஒரு மணித்தியாலம் நின்றது அவர்தான்.

இனி விசயத்துக்கு வருவோம். ‘மைண்ட்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அகராதியில் பார்த்தால் மனம். சுரங்க ரயிலில் 1960களின் கடைசியிலிருந்து ‘மைண்ட் த காப்’ என்று கத்திக்கொண்டிருக்கிறார்கள். அதில் மனம் எங்கே வந்தது? அங்கே அதற்குக் ‘கவனம்’ என்று பொருள். பதிவான வாசலில் ‘மைண்ட் யுவர் ஹெட்’ என்றால் தலை கவனம். ‘நெவர் மைண்ட்’ என்றால் பரவாயில்லை, விடு. பிள்ளை பார்க்கிற பெண்ணுக்குச் ‘சைல்ட் மைண்டர்’ என்று பெயர். இவ்வளவும் ஒரே சொல். ஆனால் எங்களைக் கவிழ்த்தது இவை ஒன்றுமில்லை.

ஒரு வியாழக்கிழமை சுப்பவைசர் வந்து, ‘வுட் யூ மைண்ட் டூயிங் சட்டர்டே?’ என்று கேட்டார். சனிக்கிழமை என்றால் ஓவர்டைம். ஒன்றரை மடங்குக் காசு. ஏஜென்சிக்காரர் அப்போதுதான் எங்களை நிரந்தரமாக எடுப்பதா விடுவதா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரம். பல்லெல்லாம் தெரிய ‘யெஸ், யெஸ்!’ என்றோம். மனிசன் முகம் சுருங்கி ‘ஓ. ஃபெயர் இனஃப்’ என்று போய்விட்டார். சனிக்கிழமைப் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. அடுத்த கிழமையும் இல்லை. நாலு கிழமை இப்படிப் போனது. நிறம் பார்க்கிறான், சாதி பார்க்கிறான் என்று சாப்பாட்டு நேரத்தில் அவரைத் திட்டித் தீர்த்தோம். கடைசியில் எங்கள் லைனில் நிற்கிற குஜராத்தி மாமிதான் (இருபது வருடமாக அங்கே நிற்கிறா) விசாரித்துச் சொன்னா: “நீதானே வரமாட்டேன் என்றாயாம்.”

‘வுட் யூ மைண்ட்’ என்றால் ‘உமக்கு ஏதும் இடைஞ்சலோ?’ என்று கேள்வி. அதற்கு நாங்கள் ‘ஓம், ஓம்!’ என்று பல்லைக் காட்டிக்கொண்டு சொல்லியிருக்கிறோம். ‘நோ’ என்று சொன்னால்தான் சம்மதம். இப்படியும் ஒரு மொழியா என்று அன்றைக்கு நினைத்தோம். இன்றுவரை ‘மைண்ட்’ காதில் விழுந்தால் நாங்கள் யெஸ்ஸும் சொல்வதில்லை, நோவும் சொல்வதில்லை. ‘ஐ கான் கம்’ என்று முழுதாகச் சொல்லிவிடுவோம்.

இன்னொன்று, இங்கே கட்டளையை விருப்பம் மாதிரிச் சொல்வார்கள். ‘யூ மைற் வோண்ட் ரு மூவ் தற் ட்றொலி’ என்று எங்கள் பெடியன் ஒருவனுக்குச் சொன்னார்கள். உனக்கு விருப்பமாக இருக்கலாம் என்று அவன் மொழிபெயர்த்தான். விருப்பமில்லை, விட்டுவிட்டான். பின்பக்கமாக வந்த ஃபோர்க்லிஃப்ற் ட்றொலியை இடித்துத் தள்ளியது. நல்ல காலம், பெடியன் அப்போது கை கழுவப் போயிருந்தான். பிழை யார் பக்கம் என்று பேச்சு வந்தபோது அவனுக்குத்தான் எச்சரிக்கைக் கடிதம். அந்தக் கடிதம் சரியில்லை என்பது எங்கள் அபிப்பிராயம். 1999 ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு விதிகளில், வேலை தருபவர் கொடுக்கிற பாதுகாப்புத் தகவல் தொழிலாளிக்கு விளங்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்று இருக்கிறது. விளங்காவிட்டால் ‘ப்ளீஸ் ஷோ மீ’ என்று கேளுங்கள். கையால் காட்டித் தருவார்கள். வெட்கப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். எங்கள் தலையாட்டல் ஆமாவா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியாது என்பது இன்னொரு வில்லங்கம்.

ஓவர்டைம் போனது காசோடு போனது. மற்றது அப்படியில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

வீட்டில் மனைவிக்குப் பித்தப்பையில் கல். ஒப்பரேசனுக்கு நாள் வைத்தார்கள். காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் நிற்கவேண்டும். எங்களுக்கு இரவு வேலை. விடிய முடித்துவிட்டு நேரே வருகிறோம், நீர் பக்கத்து வீட்டு அக்காவின் காரில் போம் என்று ஏற்பாடு. நாங்கள் போய்ச் சேர ஒன்பது மணியாகிவிட்டது. போனால், மனைவி சட்டை மாற்றிக்கொண்டு வெளியே கதிரையில் இருந்து அழுகிறா. ஒப்பரேசன் இல்லையாம்.

நடந்தது இதுதான். தாதி வந்து, ‘சோ, யூ ஹாவின்ற் ஹாட் எனிதிங் ரு ஈற் திஸ் மோர்னிங்?’ என்று கேட்டிருக்கிறா. காலமை ஒன்றும் சாப்பிடேல்லைத்தானே என்று கேள்வி. மனைவி, எங்கள் ஊர் வழக்கப்படி, ‘யெஸ்’ என்றிருக்கிறா. ஓம், சாப்பிடவில்லை என்று அர்த்தம். தாதிக்கோ ‘ஓம், சாப்பிட்டேன்’ என்று கேட்டிருக்கிறது. திடுக்கிட்டு, ‘எத்தனை மணிக்கு?’ என்று கேட்டிருக்கிறா. கடைசியாகச் சாப்பிட்டதைத்தான் கேட்கிறா என்று நினைத்து, ‘எய்ற் ஓக்ளொக்’ என்று இரவு எட்டு மணி இடியப்பத்தைச் சொல்லியிருக்கிறா மனைவி. நேரம் அப்போது காலை எட்டேகால்!

மயக்க மருந்து கொடுக்க முன் ஆறு மணித்தியாலம் வயிறு வெறுமையாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மயக்கத்தில் சாப்பாடு மேலே வந்து சுவாசப்பைக்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து. அதனால் அந்தத் தாதியில் நாங்கள் குறை சொல்லமாட்டோம். அவ கேட்டபடி செய்தா. ஆனால் அடுத்த நாள் கிடைக்க ஒன்பது கிழமை சென்றது. அந்த ஒன்பது கிழமைக்குள் இரண்டு தரம் இரவில் நோ தாங்காமல் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒரு சின்ன ‘யெஸ்’ க்கு இவ்வளவு விலை.

இதில் மனைவி பிழை செய்யவில்லை என்பதை முதலில் சொல்லவேண்டும். தமிழில் “சாப்பிடேல்லையோ?” என்றால் “ஓம், சாப்பிடேல்லை” என்போம். கேட்டவர் சொன்னது சரி என்றால் ஓம், பிழை என்றால் இல்லை. இங்கிலிசில் கேட்டவரைப் பார்ப்பதில்லை, நடந்ததைத்தான் பார்க்கிறார்கள். சாப்பிட்டால் யெஸ், சாப்பிடாவிட்டால் நோ, கேள்வி எந்தப் பக்கமாக வந்தாலும் சரி. யப்பான்காரர், கொரியாக்காரரும் எங்கள் மாதிரித்தான் என்று ஈசோல் வகுப்பு ரீச்சர் சொன்னா. எங்கள் ஜேர்மனி அண்ணர், அங்கே ‘இல்லைத்தானே?’ என்று கேட்பவரை மறுத்துச் சொல்ல ‘டொஹ்’ என்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள் என்றார். இங்கிலிசில் அப்படி ஒன்று இல்லை. ஆகவே, ஆஸ்பத்திரியிலும் ஹோம் ஒபிசிலும் கேள்விக்குள் ‘நொற்’ அல்லது ‘இன்ற்’ காதில் விழுந்தால் யெஸ், நோ இரண்டையும் தொடாதீர்கள். ‘ஐ டிட் நொற் ஈற்’ என்று முழு வசனமாகச் சொல்லுங்கள். இலக்கணம் பிழைத்தாலும் பரவாயில்லை, உயிர் பிழைக்கும். மணி சொன்னால் இரவா பகலா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அதற்கு முந்திய பிழை ஒன்று இருக்கிறது. அது முழுக்க எங்களுடையது. முதன்முதல் ஜீ.பி.யிடம் போனபோது, மொழிபெயர்க்க மகனைக் கூட்டிக்கொண்டு போனோம். வயது ஒன்பது. எங்களை விட நல்லாய் இங்கிலிஸ் கதைக்கிறான் என்று எங்களுக்குப் பெருமை வேறு. டொக்டர் சொன்னதைக் கேட்டு, “அம்மான்ரை வயித்துக்கை கல்லு இருக்காம்” என்றான். பிறகு டொக்டர் இன்னும் என்னவோ சொன்னார். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “அவ்வளவுதான்” என்றான். நாங்களும் சரி என்று வந்துவிட்டோம்.

அடுத்த நாளிலிருந்து பெடியன் சோற்றைக் கிண்டிக்கொண்டே இருந்தான். சாப்பிடுகிறானில்லை. தாய் பேசினா, நாங்களும் பேசினோம். மூன்றாம் நாள், தாயின் கோப்பையை இழுத்து வைத்து ஒவ்வொரு பருக்கையாகத் தள்ளிப் பார்க்கிறான். என்னடா என்றால், “அரிசியிலை இருக்கிற கல்லுத்தானே அம்மாக்கு உள்ளை போனது?” என்றான். டொக்டர் கடைசியாகச் சொன்னது வெட்டி எடுக்கவேண்டிவரும் என்று. அதை எங்களுக்குச் சொல்லப் பயந்து அந்தப் பிள்ளை மூன்று இரவு தனக்குள் வைத்திருந்திருக்கிறான்.

என்.எச்.எஸ். இங்கிலாந்து 2018 இல் ஜீ.பி. முதலான சேவைகளுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. மொழிபெயர்ப்பாளர் நோயாளிக்கு இலவசம் என்றும், அவசர சிகிச்சை தவிர்ந்த வேளையில் 16 வயதுக்குக் குறைந்தவர்களை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. எங்களுக்கு இது தெரியாது. நாங்கள் கேட்கவும் இல்லை. கேட்டால் காசு கேட்பார்கள், காட்டில் குறிப்பார்கள் என்று பயம். புதிதாக வந்த குடும்பங்கள் நாள் குறிக்கிறபோதே ‘ரமில் இன்ரர்பிரற்றர் ப்ளீஸ்’ என்ற மூன்று சொல்லைச் சொல்லிவிடுங்கள். ஆஸ்பத்திரியிலும் அப்படியே. அன்றைக்குப் போய் நின்று கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

இரண்டாம் தரம் அப்படித்தான் செய்தோம். தொலைபேசியில் ஒரு பெண் வந்தா. பெயர் சொல்லவில்லை, ஒரு இலக்கம் சொன்னா. தாதி கேட்ட அதே கேள்வியை, “இண்டைக்கு விடிய ஏதாவது சாப்பிட்டனீங்களோ?” என்று நேர்க் கேள்வியாகத் திருப்பிக் கேட்டா. “இல்லை” என்றா மனைவி. ‘நோ’ என்றா அந்தப் பெண். அவ்வளவுதான், முடிந்தது! ஒன்பது கிழமை காத்திருந்த விசயம் இரண்டு விநாடியில். போனை வைக்க முன், “ஊரிலை எவடம்?” என்று அவ கேட்கவில்லை, கேட்கக்கூடாது என்பது அவவின் தொழில் ஒழுங்கு. ஆனால் கேட்க வாய் உன்னியது அந்தக் குரலில் தெரிந்தது என்று மனைவி இப்பவும் சொல்கிறா.

இப்படி வெளியில் அடிபட்டு வந்தால், வீட்டுக்குள் வேறு ஒரு யுத்தம். பிள்ளைகள் இரண்டையும் கலக்கிறார்கள். “அப்பா, ஐ அம் நொற் பசிக்கிங்” என்று எங்கள் மகன் சொல்வான். சில பெரியவர்கள் இதைக் கேட்டால் தமிழே அழிந்துபோனது மாதிரித் தலையில் கை வைப்பார்கள். எங்களுக்கு அதில் அவ்வளவு கவலையில்லை. கதிரை, மேசை, யன்னல், அலுமாரி, சப்பாத்து, பாண் எல்லாம் 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தரிடம் விட்டுப் போன போர்த்துக்கேயரின் சொற்கள். கந்தோரும் போஞ்சியும் ஒல்லாந்தர் தந்தவை. கக்கூசும் அவர்களுடையதுதான். தலையில் கை வைக்கிற பெரியவரும் போர்த்துக்கேயக் கதிரையில் இருந்துதான் வைக்கிறார். இங்கிலிஸ்காரரும் எங்கள் கட்டுமரத்தையும் சுருட்டையும் மிளகுதண்ணியையும் எடுத்துத் தங்கள் அகராதியில் வைத்திருக்கிறார்கள். சொல் வரும், போகும்.

எங்களுக்கு நொந்தது வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் இருக்கிற தகப்பனாரோடு வீடியோவில் கதைப்போம். ஒருநாள் மகன் ஓடிவந்து, “அப்பப்பா, நீ என்ன செய்யிறாய்?” என்றான். கிழவர் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரை நாங்கள் ஒருநாளும் நீ என்றதில்லை, எங்கள் தாயாரும் என்றதில்லை. போன் வைத்தபின் மகனை ஏசினோம். அவன் முழிக்கிறான். “யூ எண்டால் நீ தானே?” என்கிறான். பள்ளிக்கூடத்தில் ரீச்சருக்கும் யூ, நாய்க்கும் யூ. அவன் என்ன செய்வான்?

இதையும் ஈசோல் ரீச்சரிடம் கேட்டோம். அவ சொன்னதைக் கேட்டு எங்களுக்கே அதிசயம். முந்தி இங்கிலிசிலும் நீ என்பதற்குத் ‘தௌ’ என்று ஒரு சொல் இருந்ததாம். ‘யூ’ என்பது பலரைச் சொல்லவும், மரியாதைக்குரிய ஒருவரைச் சொல்லவும் வைத்திருந்த சொல். காலப்போக்கில் எல்லாரையும் யூ என்று அழைக்கத் தொடங்க, தௌ பொது வழக்கிலிருந்து போய்விட்டது. யோர்க்ஷயர்ப் பக்கத்து வயோதிபர் சிலர் வாயில் மட்டும் அதன் மிச்சம் இருக்கிறதாம். அப்படியென்றால் இங்கிலிஸ்காரர் தொலைத்தது நீயை. மிஞ்சி இருப்பது நீங்கள்!

வீட்டுக்கு வந்து மகனிடம், “யூ எண்டால் நீங்கள், நீ எண்டு ஒரு சொல்லே இல்லை எண்டு நினை” என்றோம். பிடித்துக்கொண்டான். இப்போது பக்கத்து வீட்டுப் பூனையையும் “நீங்கள் இஞ்சை வாங்கோ” என்றுதான் கூப்பிடுகிறான். இருக்கட்டும்.

போன ஞாயிறு காலை பத்து மணி. ஊரில் மத்தியானம் இரண்டரை. மகன் போனை வாங்கி, “அப்பப்பா, நீங்கள் இன்னும் சாப்பிடேல்லையோ?” என்று சுத்தமாகக் கேட்டான். கிழவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பேரனுக்காக அவரும் இரவிலே ஒரு பழைய புத்தகத்தை வைத்து இங்கிலிஸ் படிக்கிறாராம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “யெஸ்!” என்றார்.

“அப்பப்பா சாப்பிட்டிட்டாராம்” என்று மகன் போனை எங்களிடம் தந்துவிட்டு விளையாடப் போய்விட்டான். எங்களுக்குச் சந்தேகம். தமிழில் திரும்பக் கேட்டோம். அடுப்பு மூட்டவே இல்லையாம்.